மண்டகப்பட்டு: கல்லைத் தேர்ந்த அரசனும் அவன் விட்டுச்சென்ற கேள்விகளும்

அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் எந்த இளைஞரைக் கேட்டாலும் தயங்காமல் சொல்லிவிடுவார்: செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இல்லாமல் கோயில் எடுத்த அரசன் முதலாம் மகேந்திரவர்மன்; இடம் மண்டகப்பட்டு. ஒரு மதிப்பெண் வினாவுக்கு அந்த விடை போதும். வரலாற்றுக்குப் போதாது. விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ள அந்தச் சிறு குன்றைப் பற்றி அறிஞர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக விவாதித்து வருகிறார்கள். தமிழகத்தின் முதல் குடைவரை இதுதானா? அதுவரை செங்கல்லும் மரமுமாக இருந்த கோயில் ஏன் கருங்கல்லுக்குள் போனது? குடைவதற்கான எண்ணம் எங்கிருந்து வந்தது? இத்தனை பெருமிதத்தோடு எழுதி வைத்த கோயில் ஏன் வழிபாடு தொடராமல் நின்றது? இந்த நான்கில் முதல் கேள்விக்கே மற்ற மூன்றின் இடத்தையும் நாம் கொடுத்துவிட்டோம் என்பது என் எண்ணம். நான்கையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

கல்வெட்டிலிருந்து தொடங்குவோம். சமஸ்கிருதத்தில், பல்லவ கிரந்த எழுத்தில் அமைந்த ஒரே ஒரு சுலோகம் அது. பிரமன், ஈசுவரன், விஷ்ணு ஆகியோருக்கு உரிய ‘லக்ஷிதாயதனம்’ என்னும் இந்தக் கோயிலைச் செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுதை இன்றி விசித்திரசித்தன் என்ற அரசன் செய்வித்தான் என்பது அதன் பொருள். போர் வெற்றியைப் பற்றி அதில் பேச்சில்லை. குலப் பெருமையும் நிலக்கொடையும் இல்லை. ஒரு கட்டடத்தின் பொருளைப் பற்றி, அதுவும் எவையெல்லாம் இல்லை என்ற வரிசையாக, ஓர் அரசன் எழுதிவைத்த சாசனம் இது. இந்திய அரசர்களின் கல்வெட்டுகளில் இத்தகைய பேச்சு மிக அரிது.

விசித்திரசித்தன் யார் என்பதைக் கல்வெட்டு நேராகச் சொல்வதில்லை. பல்லாவரம், திருச்சிராப்பள்ளி முதலிய குடைவரைகளில் வரிசையாகப் பொறிக்கப்பட்ட மகேந்திரனின் பட்டப்பெயர்களோடு ஒப்பிட்டே அவனை அடையாளம் கண்டார்கள். மத்தவிலாசன், குணபரன், சத்ருமல்லன், லளிதாங்குரன், அவனிபாஜனன், சித்திரகாரப்புலி என்று நீளும் அந்தப் பட்டியலில் விசித்திரசித்தனும் ஒருவன். சிம்மவிஷ்ணுவின் மகனான இவன் ஏறக்குறைய கி.பி. 590 முதல் 630 வரை காஞ்சியிலிருந்து ஆண்டான். மத்தவிலாசப் பிரகசனம் என்ற அங்கத நாடகம் எழுதியவனும் இவனே. புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் 1910களில் இந்தப் பகுதிக் குன்றுகளை ஆராய்ந்து பல்லவர் கலையை வகைப்படுத்தினார். தூண், போதிகை, வாயிற்காவலர் ஆகியவற்றின் அமைப்பைக் கொண்டு காலத்தை வரிசைப்படுத்தும் முறை அவரிடமிருந்து வந்தது. 1964இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட கே.ஆர். சீனிவாசனின் பல்லவர் குடைவரைகள் பற்றிய நூல் அந்த முறையைச் செம்மையாக்கியது. தமிழில் மா. இராசமாணிக்கனாரும் மயிலை சீனி. வேங்கடசாமியும் மகேந்திரனின் வரலாற்றை விரிவாக எழுதினர். மு. நளினியும் இரா. கலைக்கோவனும் குடைவரை ஒவ்வொன்றையும் உறுப்பு உறுப்பாக அளந்து பதிவு செய்தனர். மண்டகப்பட்டைப் பற்றி இன்று நாம் பேசுவதெல்லாம் இவர்களின் உழைப்பின் மேல் நின்றுதான்.

இனிக் குடைவரைக்குள் போகலாம். வடக்கு நோக்கிய முகப்பு. நடுவில் இரண்டு முழுத்தூண்கள், ஓரங்களில் இரண்டு அரைத்தூண்கள், அவற்றுக்கிடையே மூன்று அங்கணங்கள். தூணின் மேலும் கீழும் சதுரம், நடுவில் எண்பட்டைக் கட்டு. மேலே எளிய போதிகை உத்தரத்தைத் தாங்குகிறது. கபோதம் என்னும் வளைந்த கூரைவிளிம்பு முழுமையாக உருப்பெறவில்லை, கூடு இல்லை, தோரணம் இல்லை. முகப்பின் இரு கோடியிலும் கோட்டங்களுக்குள் தண்டத்தில் கையூன்றி நிற்கும் வாயிற்காவலர்கள். உள்ளே இன்னொரு தூண்வரிசை முகமண்டபத்தையும் அர்த்தமண்டபத்தையும் பிரிக்கிறது. பின்சுவரில் மூன்று கருவறைகள். மூன்றும் இன்று வெறுமையாக இருக்கின்றன.

இந்த எளிமைதான் ‘முதல் கோயில்’ வாதத்தின் ஒரு கால். கல்வெட்டின் தொனி இன்னொரு கால். புதிதாக ஒன்றைச் செய்து முடித்தவன்தான் இப்படிப் பேசுவான், பத்தாவது முறை செய்பவன் பேசமாட்டான் என்று சீனிவாசன் உள்ளிட்ட பலர் கருதினர். எனக்கும் இது ஏற்புடையதே. ஆனால் இதை மகேந்திரனின் படைப்புகளுக்குள் முதலாவது என்ற அளவில்தான் ஏற்கிறேன். தமிழகம் முழுமைக்கும் முதலாவது என்று நீட்டும்போது தெற்கே பாண்டிய நாடு குறுக்கே வருகிறது. பிள்ளையார்பட்டிக் குடைவரையில் எக்காட்டூரைச் சேர்ந்த பெருந்தச்சன் ஒருவனின் பெயர் தொடக்ககால எழுத்தில் இருக்கிறது. எழுத்தமைதி கொண்டு அதை மகேந்திரனுக்கும் முற்பட்டதாகக் கொள்வோர் உண்டு. அந்தக் கணிப்பை ஏற்றால் பாடப்புத்தக வரியைத் திருத்த வேண்டிவரும். ஏற்காவிட்டாலும், இரு நாடுகளிலும் அடுத்தடுத்த தலைமுறைகளில் ஒரே முயற்சி நடந்தது என்பதை மறுக்க முடியாது. அரசனின் பெயர் பொறித்த குடைவரைகளுள் தொண்டை நாட்டில் முந்தியது மண்டகப்பட்டு. இந்த அளவோடு சொன்னால் உண்மைக்கும் பழுதில்லை, ஊரின் பெருமைக்கும் குறைவில்லை.

‘இல்லாமல்’ என்று அரசன் அடுக்கும் நான்கு பொருள்களும் அவனுக்கு முந்தைய கோயில்களின் குறிப்பாகவே நமக்குக் கிடைத்திருக்கின்றன. மகேந்திரனுக்கு முன்பே இங்கே கோயில்கள் இருந்தன என்பதை அவன் கல்வெட்டே சாட்சி சொல்கிறது. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பூலாங்குறிச்சிக் கல்வெட்டுகள் தேவகுலங்களை, அதாவது கோயில்களை, குறிப்பிடுகின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு சாளுவன்குப்பத்தில் நடந்த அகழாய்வில், பல்லவர் காலக் கற்கோயிலுக்கு அடியிலிருந்து செங்கல்லால் கட்டிய பழைய முருகன் கோயில் வெளிப்பட்டது. கடற்கரையில் மணல் மூடியதால் அது தப்பியது. உள்நாட்டில் இருந்தவை மழைக்கும் கரையானுக்கும் நெருப்புக்கும் இரையாயின. மகேந்திரன் கண்முன்னே அப்படிப் பல கோயில்கள் சரிந்திருக்கும். சரிந்தவற்றை மறுபடி கட்டுவதற்குப் பதிலாக, சரியவே முடியாத ஒன்றை அவன் தேடினான். உலோகம் இல்லை என்று அவன் சொல்வது கட்டடத்தின் உடலைப் பற்றித்தான். அந்த உடலைச் செதுக்கிய உளி இரும்புதான். கருங்கல்லில் உளி சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய உளிகளைக் காய்ச்சி அடித்துக் கூர்செய்ய மலையடியில் கொல்லனின் உலை ஓயாமல் எரிந்திருக்க வேண்டும். பாறையின் முகத்தைச் சமன்செய்து, கட்டம் கட்டமாகக் கோடிட்டு, கோடுகளைப் பள்ளமாக வெட்டி, இடையில் நிற்கும் மேடுகளைத் தட்டி எடுத்து, அடுக்கடுக்காக உள்ளே போனார்கள். மாமல்லபுரத்தில் பாதியில் நின்ற குடைவரைகளில் இந்த முறையை இன்றும் கண்ணால் காணலாம்.

ஏன் கல் இவ்வளவு தாமதமாகக் கோயிலுக்குள் வந்தது? சீனிவாசன் முன்வைத்த விளக்கம் ஆழமானது. தமிழ் நிலத்தில் கல் இறந்தவர்களுக்கு உரியதாக இருந்தது. கல்வட்டமும் கற்திட்டையும் குத்துக்கல்லும் நடுகல்லும் ஈமத்தோடு தொடர்புடையவை. அந்தப் பொருளைத் தெய்வத்தின் வீட்டுக்குள் கொண்டுவர மனத்தடை இருந்தது என்றார் அவர். இதைச் சோதித்துப் பார்க்க விழுப்புரம் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள் பாறையில் இரு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அதே குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. எழுத்தமைதியால் மகேந்திரன் காலத்துக்கு முன்னதாக, ஏறக்குறைய 6ஆம் நூற்றாண்டாக, அதைக் கணிக்கிறார்கள். அது ஒரு நிசீதிகை, அதாவது இறப்பின் நினைவிடம். மேற்கே செங்கம் பகுதியில் கண்டெடுத்து 1972இல் இரா. நாகசாமி பதிப்பித்த நடுகற்களில் மகேந்திரனின் ஆட்சியாண்டுகளே குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆநிரை மீட்டு மாண்ட வீரனுக்கு ஊரார் கல் நட்ட அதே ஆண்டுகளில், அவர்களின் அரசன் கல்லுக்குள் தெய்வங்களைக் குடிவைத்தான். சீனிவாசனின் கருத்துக்கு இதைவிடக் கூர்மையான பின்னணி கிடைக்காது.

ஆனாலும் அதை முழுதாக ஏற்கத் தயக்கம் இருக்கிறது. செஞ்சி வட்டத் தொண்டூரில், மகேந்திரனுக்குச் சுமார் மூன்று நூற்றாண்டு முந்தைய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டோடு சமணர் படுக்கைகள் உள்ளன. அகழூரார் அறமாக மோசி என்பவன் அவற்றைச் செய்தான் என்று அக்கல்வெட்டு அறிவிக்கிறது. அந்தப் படுக்கைகளை உயிரோடு இருந்த துறவிகளின் இருப்பிடத்துக்காகவே வெட்டினார்கள். பாறையை வெட்டும் திறமையும், பாறையை அறத்துக்குக் கொடுக்கும் வழக்கமும் இந்த மண்ணில் வெகுகாலமாக இருந்தன என்பதற்கு மோசியே சான்று. மகேந்திரனின் தச்சர்கள் வெறும் கையோடு வரவில்லை. மனத்தடை ஒரு காரணம்தான். கருங்கல்லைப் பெரிய அளவில் குடைய ஆகும் செலவு இன்னொரு காரணம். அந்தச் செலவைத் தாங்கக்கூடிய அரசு அமைந்த பிறகே குடைவரை பிறந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எண்ணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குத் துப்ரேய் கிருஷ்ணைக் கரையைக் காட்டினார். உண்டவல்லி, மொகல்ராஜபுரம் குடைவரைகளைப் பார்த்தே மகேந்திரன் இதைத் தொடங்கினான் என்பது அவர் கொள்கை. அந்தக் குடைவரைகளின் காலமே உறுதியாக நிற்காததால் பின்வந்தவர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. மேற்கே வாதாபியில் சாளுக்கியர் மூன்றாம் குடைவரையை 578இல் முடித்துவிட்டார்கள். அந்தச் செய்தி காஞ்சிக்கு எட்டாமல் இருந்திருக்காது. பகையரசன் மலைக்குள் கோயில் வைத்திருக்கிறான் என்பதும் ஒரு தூண்டுதல்தான். இருந்தாலும் வாதாபி மணற்பாறை, அஜந்தா எரிமலைப் பாறை. கருங்கல்லைக் குடைந்த முன்னோடி வேண்டுமானால் பீகாரின் பராபர் குன்றுகளுக்குப் போக வேண்டும். அங்கே கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகன் ஆசீவகத் துறவிகளுக்குக் கருங்கற் குகைகளைக் கண்ணாடிபோல் மெருகேற்றிக் கொடுத்தான். அதற்கும் மண்டகப்பட்டுக்கும் இடையே எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. எண்ணத்தை வெளியிலிருந்து பெற்றிருக்கலாம். இந்தக் கல்லில் அதைச் செய்யும் வழியை இங்கேயே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மண்டகப்பட்டின் தடித்த தூண்களில் தெரிவது அந்தக் கண்டுபிடிப்பின் எச்சரிக்கையான முதற்படி. எவ்வளவு கனம் வைத்தால் மேற்பாறை நிற்கும் என்று தெரியாத காலத்தில் கூடுதலாகவே கனம் வைத்திருக்கிறார்கள்.

பாறைக்குள் கோயில் என்றால் உலகம் முதலில் நினைப்பது எகிப்தை. நூபியாவில் நைல் நதிக்கரையில் இரண்டாம் ராம்செஸ் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் மணற்பாறையைக் குடைந்து எழுப்பிய அபு சிம்பல் கோயிலின் முகப்பில் அவனுடைய உருவமே நான்கு முறை, ஏறக்குறைய 20 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. கருவறையில் ஆமுன், ரா-ஹொராக்தி, ப்தா ஆகிய மூன்று தெய்வங்களோடு நான்காவதாக அரசனே அமர்ந்திருக்கிறான். மகேந்திரனின் வழி வேறு. கருவறையில் அவன் இல்லை, கோயிலின் பெயரில் இருக்கிறான். தளவானூர்க் கோயில் சத்ருமல்லேசுவரம், சீயமங்கலம் அவனிபாஜன பல்லவேசுவரம், மகேந்திரவாடி மகேந்திர விஷ்ணுகிருகம், திருச்சி மேற்குடைவரை லளிதாங்குர பல்லவேசுவரம். லக்ஷிதாயதனம் என்ற பெயரிலும் அவனது ஒரு பட்டம் அடங்கியிருக்கிறது என்பது அறிஞர் பலரின் கருத்து. திருச்சியின் கங்காதரர் சிற்பத்தில் அரசனின் சாயலே இருக்கிறது என்று மைக்கேல் லாக்வுட்டும் அ. விஷ்ணு பட்டும் வாதிட்டனர். அந்த வாதம் எல்லோராலும் ஏற்கப்படவில்லை. ஆனாலும் தெய்வத்துக்கும் அரசனுக்கும் ஒரே பெயரைச் சூட்டி, அந்தப் பெயரைப் பாறையில் நிலைநிறுத்தும் ஆசையில் நைல்கரை அரசனும் காஞ்சி அரசனும் வெகுதூரம் விலகியவர்கள் அல்லர்.

மண்டகப்பட்டைத் தனியாகப் பார்ப்பதால்தான் பல கேள்விகள் முடிச்சாகவே நிற்கின்றன. அதைச் சுற்றி ஒருநாள் பயணத் தொலைவில் ஒரு குடும்பமே இருக்கிறது. அதில் தளவானூரைத்தான் மனம் நிறையப் பார்க்கவேண்டும். தெற்கு நோக்கிய முகப்பின் மேல் முழு வளர்ச்சி பெற்ற கபோதம், அதில் கூடுகள், கூடுகளுக்குள் எட்டிப்பார்க்கும் கந்தர்வ முகங்கள். தூண்களுக்கு மேலே மகரங்களின் வாயிலிருந்து எழும் தோரணம், கல்லில் செதுக்கிய பூமாலையைப்போல் வளைந்து இறங்குகிறது. கருவறையோ முகப்புக்கு நேராக இல்லை. மேற்குப் பக்கச் சுவரில் கிழக்கு நோக்கி இருக்கிறது. பாறை தெற்கு முகம் காட்டியது, சிவனுக்குக் கிழக்கு வேண்டியிருந்தது. இரண்டையும் சமாளித்த தச்சனின் கூர்மையை எண்ணி வியக்காமல் இருக்க முடியாது. இங்கே சமஸ்கிருதக் கல்வெட்டோடு தமிழ் வெண்பா ஒன்றும் பொறிக்கப்பட்டிருக்கிறது. மண்டகப்பட்டில் சமஸ்கிருதம் மட்டும் பேசிய கல் இங்கே ஊராரின் மொழியிலும் பேசுகிறது. இரண்டு கோயில்களுக்கும் இடையே கைத்திறன் அடைந்த வளர்ச்சியை அங்கே நின்றால் யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வந்தவாசி வட்டச் சீயமங்கலம் இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் சேர்ந்துவிட்டாலும் இதே வட்டாரத்தின் பிள்ளைதான். அங்கே அரைத்தூணின் மேல்பகுதியில் ஆடும் சிவனின் சிறு உருவம் ஒன்று இருக்கிறது. தமிழகத்தின் மிகப் பழைய ஆடல்வல்லான் உருவங்களில் அது ஒன்று. பிற்காலத்தவர் குடைவரையின் முன்னே மண்டபங்களைக் கட்டிச் சேர்த்தார்கள். தூணாண்டார் கோயிலாக அங்கே வழிபாடு தொடர்கிறது. செஞ்சியை அடுத்த மேலச்சேரியில் சந்திராதித்தன் என்ற அரசன் சிம்மபுரத்தில் குடைந்த சிகரி பல்லவேசுவரம் இருக்கிறது; அதன் லிங்கமே தாய்ப்பாறையில் வெட்டியது. சிங்கவரத்தில் பள்ளிகொண்ட அரங்கநாதர் பாறையின் பகுதியாகவே கிடக்கிறார். தேசிங்குராஜன் போருக்குப் புறப்பட்டபோது போகவேண்டாம் என்று அந்தப் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்ற கதையைச் செஞ்சிப் பக்கத்துக் குழந்தைகளும் அறிவார்கள்.

திண்டிவனம் பக்கம் வந்தால் கீழ்மாவிலங்கை. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாட்டின் நினைவு இந்த நிலத்தில் இருக்கிறது. அவனுடைய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. கீழ்மாவிலங்கையில் மண்டபம் கிடையாது, தூண்வரிசை கிடையாது. ஒரு பாறையில் ஒரு சிற்றறை, அதன் பின்சுவரில் நின்ற கோலத் திருமால். கல்வெட்டும் இல்லாததால் ஆய்வுநூல்கள் இதை ஓரிரு பத்திகளில் கடந்துவிடுகின்றன. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. மண்டகப்பட்டில் கருவறையைக் கல்லில் குடைந்தவர்கள் கருவறைக்குள் கல்லுருவம் செதுக்கவில்லை. மரத்திலோ சுதையிலோ செய்த உருவமோ, சுவரில் தீட்டிய ஓவியமோதான் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று சீனிவாசன் கருதினார். அப்படியானால் கோயிலின் சுவரில் நீக்கிய மரமும் சுதையும் கடவுளின் உடலில் தொடர்ந்தன. ஈமக் கல்லைத் தெய்வத்தின் வீடாக ஏற்ற மனம், தெய்வமாகவே ஏற்க இன்னும் சற்றுக் காலம் எடுத்துக்கொண்டது. கீழ்மாவிலங்கையின் சிற்பி அந்தத் தயக்கத்தைத் தாண்டிவிட்டான். மூர்த்தியே பாறையில் இருக்கிறது. அரசனின் பெயர் எதுவும் இல்லாத இந்தச் சிற்றறையை ஒரு குறுநிலத் தலைவனோ ஊராரோ செய்வித்திருந்தால் வியப்பில்லை. செங்கற்பட்டை அடுத்த வல்லத்தில் மகேந்திரனுக்கு அடங்கிய தலைவனின் மகன் கந்தசேனன் குடைவரை செய்தது தமிழ்க் கல்வெட்டாலேயே உறுதி. அரசன் தொடங்கிய வழக்கம் அவன் கையைவிட்டு எவ்வளவு விரைவில் பரவியது என்பதற்கு இத்தகைய சிறிய இடங்களே சான்று.

இனிக் கடைசிக் கேள்வி: மண்டகப்பட்டு ஏன் தொடரவில்லை? சீயமங்கலத்துக்கும் சிங்கவரத்துக்கும் கிடைத்த பிற்கால வாழ்வு இதற்குக் கிடைக்கவில்லை. முன்மண்டபம் எழவில்லை. ஊராரின் கொடைகளைச் சொல்லும் சோழர்காலக் கல்வெட்டுகள் சுவரில் ஏறவில்லை. மும்மூர்த்திக்கும் சமமாக மூன்று அறைகள் என்ற அமைப்பிலேயே இதற்குக் காரணம் இருப்பதாக நான் கருதுகிறேன். கல்வெட்டு பிரமன், ஈசுவரன், விஷ்ணு என்று வரிசைப்படுத்துவதால் நடு அறை சிவனுக்கு என்று கொள்ளலாம். செய்யுளின் யாப்புக்காகவும் அந்த வரிசை அமைந்திருக்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது. எப்படியானாலும் மூவரும் ஒரே கூரையின்கீழ் ஒரே அளவில் நின்றார்கள். மகேந்திரனின் காலத்திலேயே திருநாவுக்கரசர் ஊர் ஊராகச் சென்று சிவத்தலங்களைப் பாடத் தொடங்கிவிட்டார். சமணத்தைத் தழுவியிருந்த பல்லவ அரசன் அவர் பொருட்டுச் சைவனாகி, திருவதிகையில் குணபரேசுவரம் எடுத்தான் என்று பெரியபுராணம் சொல்கிறது. மாற்றுநெறியிலிருந்து திரும்பியதைப் பற்றிய குறிப்பு திருச்சிக் கல்வெட்டிலும் உண்டு. அடுத்துவந்த நூற்றாண்டுகளில் பக்தி என்பது ஓர் ஊரில் ஒரு பெருமானைத் தேடிப்போவதாக ஆனது. பாடல் பெற்ற கோயிலுக்கு நிலம் வந்தது, விளக்கு வந்தது, திருவிழா வந்தது. மூவருக்கும் பொதுவான கோயிலுக்குத் தனியாக உரிமை கொண்டாடும் அடியார் கூட்டம் இல்லாமல் போயிற்று. பிரமனுக்குத் தனி வழிபாடே இங்கே அருகிவிட்டது. மாமல்லபுரத்து மும்மூர்த்திக் குடைவரையில் பிரமனுக்குரிய இடத்தில் நிற்கும் உருவத்தை முருகன் என்றும் பிரமசாத்தன் என்றும் அறிஞர் கொள்வது இந்த மாற்றத்தின் அடையாளம்.

தொழில்நுட்பமும் திசை மாறியது. மகேந்திரனுக்கு ஏறக்குறைய நூறாண்டு கழித்து, இராஜசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன் இதே மாவட்டத்துப் பனமலையில் தாளகிரீசுவரர் கோயிலை எழுப்பினான். அது குன்றைக் குடைந்த கோயில் அல்ல. குன்றின் மேல் கற்களை வெட்டி அடுக்கிய கோயில். அதன் சிற்றறை ஒன்றில் குடையின்கீழ் ஒருகால் மடித்துச் சாய்ந்து நிற்கும் தேவியின் ஓவியம் மங்கிய வண்ணத்தில் இன்றும் எஞ்சியிருக்கிறது. மலை இருக்கும் இடத்தில்தான் குடைவரை முடியும். கற்றளியை ஊர் இருக்கும் இடத்தில் கட்டலாம். இந்த ஒரு வசதி குடைவரையின் காலத்தை முடித்துவைத்தது. மண்டகப்பட்டிலிருந்து தளவானூர் வழியாகப் பனமலை வரை வந்தால், தமிழகக் கற்கோயிற்கலையின் முதல் நூறாண்டு ஒரே மாவட்டத்துக்குள் முடிந்துவிடும். தஞ்சைப் பெருவுடையார் கோயிலைக் கட்டியவர்களின் கைத்திறனுக்கு அடித்தளம் இந்தக் குன்றுகளில் போடப்பட்டது.

இவ்வளவு மதிப்புள்ள ஒரு தொடர் நம் கண்முன்னே பிரிந்து கிடக்கிறது. 1960களில் அசுவான் அணை நீரில் மூழ்கவிருந்த அபு சிம்பலை, யுனெஸ்கோவின் அழைப்பை ஏற்றுப் பல நாடுகள் சேர்ந்து காத்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, சுமார் 65 மீட்டர் மேலே தூக்கி, 1968இல் மீண்டும் பொருத்தினார்கள். அத்தனை பெரிய முயற்சி எதுவும் நம் குன்றுகளுக்குத் தேவைப்படவில்லை. இங்கே அணை இல்லை, வெள்ளம் இல்லை. இருப்பது கல்குவாரி. திண்டிவனம், வானூர், செஞ்சி வட்டங்களின் குன்றுகள் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் லாரிகளில் போய்க்கொண்டிருக்கின்றன. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி என்று 2010இல் திருத்திய மத்தியச் சட்டம் வகுத்திருக்கிறது. அந்த எல்லை பட்டியலில் உள்ள சின்னத்தைக் காக்கும். பட்டியலில் ஏறாத படுக்கையையும் பாறை ஓவியத்தையும் நடுகல்லையும் காக்காது. மோசி வெட்டியதைப்போல் இன்னும் எத்தனை படுக்கைகள் எந்தப் பாறையில் இருக்கின்றன என்று பார்த்து முடிக்கும் முன்பே பாறை போய்விட்டால், மண்டகப்பட்டுக்கு முந்தைய வரலாற்றைத் தேட இடமே இருக்காது.

ஆகவே மூன்று கோரிக்கைகள். குவாரி உரிமம் தரும் முன் ஒவ்வொரு குன்றையும் தொல்லியலாளர் நடந்து பார்த்துச் சான்று தருவதை மாவட்ட நிர்வாகம் கட்டாயமாக்க வேண்டும். மண்டகப்பட்டு, தளவானூர், கீழ்மாவிலங்கை, மேலச்சேரி, சிங்கவரம், திருநாதர்குன்று, தொண்டூர், பனமலை ஆகியவற்றை ஒரே பயணத்தடமாக இணைத்து, ஒவ்வோர் இடத்திலும் கல்வெட்டின் முழுப் பொருளையும் தமிழில் எழுதிய பலகை வைக்க வேண்டும். பாடநூலில் ‘தமிழகத்தின் முதல் குடைவரை’ என்ற வரியைத் திருத்தி, பிள்ளையார்பட்டியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விழுப்புரம், திண்டிவனம் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கல்விச் சுற்றுலா என்றால் மாணவர்களை மாமல்லபுரத்துக்கு மட்டும் அழைத்துப் போகாதீர்கள். முதலில் மண்டகப்பட்டுக்கும் தளவானூருக்கும் கூட்டிப்போங்கள். மாமல்லபுரம் எப்படி வந்தது என்பது அதன் பிறகு அவர்களுக்குத் தானாகவே விளங்கும்.